நல்ல வேளை என்று எல்லோரும் சொன்னார்கள்

“நல்ல வேளைங்க, ஓடுற ரோட்டுல வெடிக்கலை.” அன்று ராத்திரி என் லாரியைச் சுற்றி நின்றவர்களில் நாலு பேராவது இதையே சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். குனிந்து பார்த்தால் முன் ஆக்சில் முழுக்கச் சிவப்பு ஆயில் வழிந்துகொண்டிருந்தது. யாருக்கும் அடி இல்லை, வண்டி எதன் மேலும் மோதவில்லை. இதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் அப்போது தோன்றியது. ஆனால் அந்த ‘நல்ல வேளை’ மட்டும் மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. பவர் ஸ்டீயரிங் ஹோஸை மாற்றி முடிக்க எனக்கு ஒன்றரை நாள் ஆனது. அந்த ஒன்றரை நாளும் கை ஒரு வேலை செய்ய, மனசு அந்த வார்த்தையையே கிளறிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். முழு லோடு. குறுகலான ஒரு கேட்டுக்குள் வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும். அண்ணன் கீழே இறங்கி முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, “ஒடி, ஒடி, இன்னும் ஒடி” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஸ்டீயரிங்கை இடது பக்கம் கடைசி வரை ஒடித்து, அங்கேயே அழுத்திப் பிடித்தபடி வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்தினேன். பம்ப் முனகியது. அப்புறம் ‘டப்’ என்று ஒரு சத்தம், தகரத்தை உள்ளங்கையால் தட்டினது போல. அடுத்த நொடி ஸ்டீயரிங் கல்லாகிப் போனது. பானட் இடுக்கிலிருந்து வெள்ளைப் புகை, எண்ணெய் தீய்ந்த வாடை. “ஆஃப் பண்ணுடா, ஆஃப் பண்ணு!” என்று அண்ணன் கத்தினார். அந்த ஆயில், இன்ஜின் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேல் தெறித்திருந்தது. நன்றாகச் சூடேறிய மேனிஃபோல்டில் அது தீப்பிடிக்கக்கூடிய ஆயில்தான். அவர் கத்தியது சரியான நேரத்தில்.

பவர் போனால் ஸ்டீயரிங்கே போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. போகாது. கம்பி, பல்சக்கரம், டிராப் ஆர்ம் எல்லாம் அப்படியேதான் இணைந்திருக்கும். உதவிக்கு இருந்த ஆயில் அழுத்தம் மட்டும்தான் இல்லாமல் போகிறது. ஆனால் லோடு வண்டியில் அந்த ‘மட்டும்’ சின்ன விஷயமில்லை. இரண்டு கைகளாலும் தொங்கித்தான் சக்கரத்தை நேராக்கினேன். ஹோஸை அறுத்து நடுவில் ஒரு குழாய்த் துண்டைச் செருகி இரண்டு கிளிப் போட்டால் வீடு போய்ச் சேரலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் ரிட்டர்ன் ஹோஸாக இருந்தால் அவர் சொன்னதைச் செய்திருப்பேன், அதில் அழுத்தம் குறைவு. இது பம்ப்பிலிருந்து ஸ்டீயரிங் பாக்ஸுக்குப் போகும் பிரஷர் ஹோஸ். லாரி டயரில் இருக்கும் காற்று சுமார் 8 பார் என்றால், இந்த ஹோஸில் முழு ஒடிப்பில் ஏறும் அழுத்தம் 80 பாரைத் தாண்டும். கனரக வண்டிகளில் 150 வரைகூடப் போகும். கிளிப் பிடித்து நிற்கிற விஷயமா அது? அப்படியே ஓட்டிப் போகவும் முடியாது. ஆயில் இல்லாமல் சுற்றினால் பம்ப் கொஞ்ச நேரத்திலேயே தன்னைத்தானே தின்றுவிடும். பெல்ட்டைக் கழற்றி வைக்கலாம் என்றால், என் வண்டியில் தண்ணீர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது. வண்டி அங்கேயே நின்றது.

இரண்டு ஸ்பேனர்

மறுநாள் காலையில் முதல் வேலை கழுவுவது. எதற்கென்று கேட்பவர்கள் ஒருமுறை ஆயில் பூசிய நட்டில் ஸ்பேனர் போட்டுப் பார்த்தால் தெரியும். அதோடு, அழுத்தத்தில் பீய்ச்சியடித்த ஆயில் எங்கெங்கே போயிருக்கிறது என்பதும் கழுவினால்தான் புரியும். பெல்ட் முழுக்க நனைந்திருந்தது. இன்ஜின் மவுண்ட் ரப்பரிலும் படிந்திருந்தது. பெல்ட்டைத் துடைத்துப் பயனில்லை, ரப்பர் குடித்த ஆயில் சூடானதும் மறுபடி மேலே வரும், வழுக்கும். அதையும் மாற்றத்தான் வேண்டியிருந்தது.

பம்ப் பக்கத்து நட்டைக் கழற்றும் இடத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பம்ப்பில் ஆயில் வெளியே வரும் வாயில் இரண்டு அறுகோணங்கள் ஒன்றன் மேல் ஒன்றாகத் தெரியும். வெளியே இருக்கும் சின்னது ஹோஸ் குழாயின் நட்டு. அதற்குப் பின்னால் பம்ப் உடம்போடு ஒட்டியிருக்கும் பெரியது யூனியன் என்ற இணைப்புத் துண்டு. என் பம்ப் மாதிரியானவற்றில் அந்த யூனியனுக்குப் பின்னால் ஆயிலின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வும் அதைத் தள்ளி நிற்கும் ஸ்பிரிங்கும் இருக்கின்றன. வருஷக்கணக்கில் சூடுபட்டு இரண்டும் இறுகிப் போயிருக்கும். ஒரே ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் சின்ன நட்டுக்குப் பதிலாகப் பெரிய யூனியன் சுற்றும். கழன்றதும் ஸ்பிரிங் வால்வைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும், பெரும்பாலும் கை எட்டாத இடத்தில் போய் விழும். அதனால் பெரியதை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, சின்னதை இன்னொன்றால் திருப்ப வேண்டும். சாதாரண ஓப்பன் ஸ்பேனர் இரண்டு முகங்களைத்தான் பிடிக்கும், மூலை மழுங்கிவிடும். குழாயைச் சுற்றிச் செருகுவதற்கு மட்டும் வாய் திறந்து, மீதி முகங்களை எல்லாம் கவ்விப் பிடிக்கும் ஃபிளேர் நட் ஸ்பேனர் இருக்கிறதே, அது இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. கால் மணி நேரம் படுத்தபடியே பிடித்தேன். ‘டிக்’ என்று நட்டு விட்டுக்கொடுத்த சத்தம் கேட்டபோதுதான் மூச்சு விட்டேன்.

ஸ்டீயரிங் பாக்ஸ் பக்கம் அவ்வளவு மோசமில்லை. இரண்டு பக்கமும் வழியும் மீதி ஆயிலுக்குக் கீழே ஒரு டப்பா வைத்து, திறந்த வாய்களில் சுத்தமான துணியைச் சுருட்டி அடைத்தேன். ஒரு மணல் துகள் உள்ளே போனால் போதும், வால்வின் இடைவெளிகள் அவ்வளவு நுணுக்கமானவை. ரிட்டர்ன் ஹோஸையும் கையோடு மாற்றிவிட்டேன். இரண்டும் ஒரே நாளில் பிறந்தவை, ஒன்று செத்த பிறகு மற்றதை நம்பி என்ன செய்வது.

அறுத்துப் பார்த்தபோது

பழைய ஹோஸைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. மதியம் நிழலில் உட்கார்ந்து பிளேடால் நீளவாக்கில் கீறினேன். வெளியே கறுப்பு ரப்பர், நடுவில் பின்னல் நூல், உள்ளே ஆயில் படுகிற இன்னொரு ரப்பர் குழாய். பின்னல் எஃகுக் கம்பியாக இருக்கும் என்றுதான் ரொம்ப நாளாக நினைத்திருந்தேன், இதில் இருந்தது செயற்கை இழை. அதற்குக் காரணம் இருக்கிறது. பம்ப் ஆயிலைத் தொடர்ச்சியாகத் தள்ளுவதில்லை, துடிப்புத் துடிப்பாகத் தள்ளுகிறது. ஹோஸ் கொஞ்சம் விரிந்து சுருங்கி அந்தத் துடிப்பை வாங்கிக்கொள்ள வேண்டும். இப்படி விரிந்துகொடுக்கும் ஹோஸுக்கென்றே எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பின் ஜே188 என்று தனித் தரம் உண்டு. ‘இதைவிட ஸ்ட்ராங்கா கம்பிப் பின்னல் ஹோஸ் போட்டுடலாமே’ என்பது நல்லெண்ண யோசனைதான். ஆனால் விரியாத ஹோஸ் போட்டால் பம்ப்பின் அதிர்வு ஸ்டீயரிங் வரைக்கும் வந்து இரையும். இந்த இடத்தில் வலு என்பது முரட்டுத்தனம் இல்லை.

வெடித்த இடம் எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில், வளைவின் வெளிப்புறத்தில் இருந்தது. சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கிழிசல், ஓரமெல்லாம் பிசிறு. உள் ரப்பரை நகத்தால் அழுத்தினேன், பதியவில்லை. வளைத்தால் பொடிப் பொடியாக வெடிப்பு விட்டது. சூட்டில் வெந்து வெந்து ரப்பர் தன் குணத்தை எப்போதோ விட்டுவிட்டிருந்தது. இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஹோஸின் மேல் நீளவாக்கில் அச்சிட்ட ஒரு வெள்ளைக் கோடு உண்டு. அது நேராக ஓட வேண்டும். இதில் முக்கால் சுற்று திருகியிருந்தது. யாரோ முன்பு மாட்டும்போது நட்டை இறுக்கிய வேகத்தில் ஹோஸும் சேர்ந்து முறுக்கிக்கொண்டிருக்கிறது. முறுக்கோடு மாட்டிய ஹோஸ், அழுத்தம் ஏறும்போதெல்லாம் தன்னைத்தானே நேராக்கிக்கொள்ளத் தவிக்கும். பின்னல் இழைகள் ஒன்றோடொன்று உராய்ந்து அறும்.

கிழிசலிலிருந்து நாலு விரல் தள்ளி வெளி ரப்பரில் ஒரு சின்ன உப்பல் இருந்தது, கொப்புளம் மாதிரி. அதன் உச்சியில் ஊசி குத்தினது போல ஒரே ஒரு துளை. கீறிப் பார்த்தால் அதற்கு நேர் கீழே பின்னல் முழுக்க ஆயில் ஊறிப் பழுப்பேறியிருந்தது. சரி, கசிவு இங்கேதான் தொடங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் நினைத்தேன். துண்டை ஒரு ஓரமாக வைத்துவிட்டுப் புது ஹோஸை எடுக்கப் போனேன்.

ஹோஸ் துள்ளியது

மாட்டுவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ ரிங்கைப் புதிதாக எடுத்து ஆயில் தடவி, நட்டுகளை முதலில் கையாலேயே முடிந்தவரை ஏற்றி, வெள்ளைக் கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்து, கிளாம்பில் உட்கார வைத்து, அப்புறம்தான் இறுக்கினேன். ஓ ரிங் வைத்த முனைகளில் இறுக்கிய பிறகும் குழாய் லேசாக ஆடும். அதைப் பார்த்துப் பயந்து இன்னும் இறுக்கினால் கெட்டுப் போவது நட்டுதான். ஆயில் என்ன என்பதைக் கையேட்டில் பார்த்து அதையே ஊற்றினேன். என் வண்டிக்கு ஆட்டோமேட்டிக் கியருக்குப் போடும் அந்தச் சிவப்பு ஆயில். கையில் கிடைத்தது என்று பிரேக் ஆயிலை ஊற்றி, உள்ளே இருக்கும் சீல் எல்லாம் ஊதிப்போன வண்டி ஒன்றை நான் பார்த்திருக்கிறேன்.

ஆயிலுக்குள் சிக்கிய காற்றை எடுக்க முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினோம். இன்ஜினை ஓட விடாமல் ஸ்டீயரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் அண்ணன் மெதுவாகத் திருப்பினார், நான் ஸ்டீயரிங் ஆயில் டப்பாவைப் பார்த்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். இருபது தடவைக்கு மேல் திருப்பிய பிறகுதான் குமிழி வருவது நின்றது. அதற்குப் பிறகுதான் இன்ஜின். அவசரப்பட்டு முதலிலேயே ஓட விட்டால் ஆயில் நுரைத்துப் பால் மாதிரி ஆகிவிடும், பம்ப் ஊளையிடும், அது தெளிய மணிக்கணக்காகும். எங்களுக்கு ஆயில் தெளிவாகவே நின்றது. வண்டியைக் கீழே இறக்கினோம்.

“அண்ணே, நின்ன இடத்துலயே ஒரு தடவை ஃபுல்லா ஒடிங்க” என்றேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பானட் பக்கம் நின்று மேலிருந்து ஹோஸைப் பார்த்தேன். சக்கரம் நேராக இருந்தவரை அது சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் ஒடிக்கத் தொடங்கினார். ஹோஸ் லேசாக நிமிர்ந்தது. கடைசியைத் தொட்டபோது பாம்பு தலை தூக்குவது போல ஒரு துள்ளு துள்ளி விறைத்து நின்றது. வளைவு கண் முன்னே கொஞ்சம் நேரானது. “விடுங்க” என்றேன். விட்டார். உடனே தளர்ந்து பழையபடி தொங்கியது. இன்னொரு தடவை ஒடிக்கச் சொன்னேன். அதே துள்ளல்.

அப்போதுதான் அந்த ‘நல்ல வேளை’ ஏன் உறுத்தியது என்று பிடிபட்டது. நேர் ரோட்டில் வேகமாகப் போகும்போது இந்த ஹோஸுக்குக் கிட்டத்தட்ட வேலையே இல்லை. பம்ப்பிலிருந்து வரும் ஆயில், ஸ்டீயரிங் பாக்ஸில் உள்ள வால்வின் இரண்டு பக்கமும் திறந்திருப்பதால் சும்மா ஒரு சுற்று சுற்றிவிட்டு டப்பாவுக்குத் திரும்பிவிடுகிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால்தான் பாக்ஸுக்குள் இருக்கும் மெல்லிய முறுக்குத் தண்டு சில டிகிரி முறுக்கிக்கொண்டு வால்வின் ஒரு பக்கத்தை அடைக்கிறது, அழுத்தம் ஏறுகிறது. வால்வைத் திறந்தே வைக்கும் இந்த யோசனை பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளருடையது. பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தின் லாரிப் பிரிவில் வேலை பார்த்தவர், கனமான வண்டிகளை ஒடிக்க டிரைவர்கள் படும் பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். ஆயிலை எப்போதும் அழுத்தத்திலேயே வைத்திருந்தால் கசிவு தீராது என்று கண்டு, வால்வைத் திறந்தே விட்டு, திருப்பும்போது மட்டும் அழுத்தம் ஏறும்படி மாற்றி யோசித்தார். 1926-லேயே ஒரு காரில் ஓட்டிக் காட்டிவிட்டார். விற்பனைக்கு வந்த கார்களில் அது ஏறியது 1951-ல், கிறைஸ்லர் இம்பீரியலில்.

ஆக, என் ஹோஸ் கேட்டில் வெடித்தது அதிர்ஷ்டம் இல்லை. ஓடும் ரோட்டில் வெடிக்கவே வெடிக்காது என்று நான் சொல்லவில்லை, வெந்துபோன ரப்பர் எங்கே வேண்டுமானாலும் கைவிடும். ஆனால் அது வெடிக்க மிகத் தோதான இடம் முழு லோடில், நின்ற இடத்தில், கடைசி வரை ஒடித்துப் பிடிக்கும் இடம்தான். குறுகலான கேட், மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு, சரக்கு இறக்கும் மேடை. அங்கேயெல்லாம்தான் யாராவது ஒருவர் கீழே இறங்கி, சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று கை காட்டிக்கொண்டிருப்பார்.

இரண்டு வாரத்துக்கு முன்னால்

இது வரைக்கும் வந்த பிறகுதான் அந்தக் கொப்புளமும் அதன் உச்சியில் இருந்த ஊசித் துளையும் மறுபடி ஞாபகத்துக்கு வந்தன. நான் அப்படியே நின்றுவிட்டேன்.

வெடிப்பதற்கு இரண்டு வாரம் முன்னால் டப்பாவில் ஆயில் இறங்கிக்கொண்டே இருந்தது. கடைசி வரை ஒடித்தால் ‘ஸ்ஸ்’ என்று மெல்லிய சத்தம். நான் இரண்டு தடவை ஊற்றிச் சமாளித்தேன். மூன்றாவது தடவை அண்ணன், “நீ ஒடிச்சுப் பிடிடா, எங்க வருதுன்னு நான் பார்க்கிறேன்” என்று டார்ச்சோடு கீழே போனார். நான் ஒடித்துப் பிடித்தேன். “ஈரம் தெரியுது, எங்கிருந்துன்னு தெரியலை. கொஞ்சம் ரேஸ் பண்ணு” என்றார். கொஞ்சம் ரேஸ் பண்ணினேன். அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எனக்கு மேலிருந்தே தெரிந்தது. ஹோஸைத் துணியால் துடைத்துவிட்டு, பம்ப்பிலிருந்து பாக்ஸ் வரை விரல்களால் தடவிக்கொண்டே வந்தார். துடைத்தார், மறுபடி தடவினார். மூன்று நாலு தடவை. நான் அழுத்தத்தை உச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஊசித் துளையிலிருந்து அந்த அழுத்தத்தில் வரும் ஆயில் சில சமயம் கண்ணுக்கே தெரியாது. 7 பார் அழுத்தமே தோலைத் துளைக்கப் போதும் என்று ஹைட்ராலிக் வேலைக்கான பாதுகாப்புப் பாடங்கள் சொல்கின்றன. இது அதைப் போல பத்து மடங்குக்கும் மேல். முதலில் ஒரு சுருக், அவ்வளவுதான் இருக்கும். வெளியே புள்ளி மாதிரி ஒரு காயம், வலியும் பெரிதாக இருக்காது, பலர் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். உள்ளே ஆயில் விரலின் தசைநார் உறை வழியாகப் பரவியிருக்கும். சில மணி நேரத்தில் வீங்கும். உடனே அறுவை சிகிச்சை செய்து சுத்தப்படுத்தாவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரும். கையுறை இதைத் தடுக்காது. நான் இதைப் படித்திருக்கிறேன். ஒடித்துப் பிடித்துக்கொண்டிருந்த அந்த நிமிஷத்தில் அது ஞாபகத்துக்கு வரவில்லை. ஹோஸ் என் வண்டியுடையது, ஊற்றி ஊற்றிச் சமாளித்தவன் நான், ரேஸ் பண்ணியதும் நான்.

வெளி ரப்பர் அன்றைக்குக் கொஞ்சம் தாக்குப்பிடித்திருந்தது. ஆயில் பீய்ச்சாமல் ஊறி ஊறி வந்துகொண்டிருந்தது. அவர் விரல் அந்தக் கொப்புளத்தின் மேல் போயிருக்கும். போகாமல் இருக்க வழியே இல்லை. எல்லோரும் சொன்ன ‘நல்ல வேளை’ கேட்டில் இல்லை, அந்த மத்தியானத்தில் இருந்தது. அதை யாரும் சொல்லவில்லை, எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அந்த அறுத்த துண்டைக் கொண்டுபோய் அண்ணனிடம் காட்டினேன். துளையைக் காட்டினேன். எதனால் கேட்கிறேன் என்று சொல்லாமல், “அன்னைக்குத் தடவினப்போ கையில எங்கயாவது சுருக்குன்னு இருந்துச்சா அண்ணே?” என்று கேட்டேன். “இல்லையே, ஏன்டா?” என்றார். சொன்னேன். துண்டை வாங்கி டார்ச் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, கட்டை விரலால் மற்ற நாலு விரல் நுனிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டார். “சூடா இருக்குமேன்னு மட்டும்தான்டா யோசிச்சேன்” என்றார். வேறு ஒன்றும் பேசவில்லை.

ஒரு வாரம் கழித்து லோடோடு அதே கேட்டுக்குள் போனோம். அண்ணன் இந்தத் தடவை பின்பக்க மூலையில், கண்ணாடியில் எனக்குத் தெரிகிற இடத்தில் தள்ளி நின்றார். நான் ஸ்டீயரிங்கைக் கடைசி வரை ஒடித்தாலும் அங்கேயே அழுத்திப் பிடிக்காமல் விரலளவு திரும்பவிட்டேன். இரண்டு தடவை முன்னும் பின்னும் கூடுதலாக எடுக்க வேண்டியிருந்தது, எடுத்தேன். உள்ளே நிறுத்திய பிறகு, “இன்ஜினை ஆஃப் பண்ணாதே, ஒடிச்சு ஒரு நிமிஷம் விடு” என்று குரல் கொடுத்தார். எட்டிப் பார்த்தேன். நீளமான ஒரு குச்சியின் முனையில் அட்டைப்பெட்டியிலிருந்து கிழித்த துண்டைக் கட்டி வைத்திருந்தார். கையை வெளியிலேயே வைத்துக்கொண்டு அட்டையைப் பம்ப்பிலிருந்து பாக்ஸ் வரை ஹோஸ் ஓரமாக மெதுவாக நகர்த்தினார். வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு பொட்டு ஈரம்கூட இல்லை. அட்டையை மட்டும் அவிழ்த்து டிரைவர் பக்கக் கதவுப் பையில் செருகிவிட்டு, குச்சியைச் சீட்டுக்குப் பின்னால் வைத்தார்.